நடுவில் நிற்கும் ஆக்சிஜன்

வெண்ணந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் கிளை நிலையம் இருந்தது. அங்கே வந்து இறங்குகிற குளிர்ச்சியை நம்பித்தான் சேலத்தில் ஒரு கல்லூரி வாத்தியார் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். திரவ நைட்ரஜன் வேண்டுமென்றால் 1981-ஆம் வருஷத்தில் சரவணமுத்துவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவர் கல்லூரியில் அது இல்லை. கடைவீதியில் கேட்டால் எந்தப் பயிருக்கு என்று திருப்பிக் கேட்டார்கள். சீமைக் காளையின் விந்தைச் சின்னச் சின்னக் குச்சிகளில் உறையவைத்து ஊர் ஊராக அனுப்புகிற கால்நடைத் துறையிடம் மட்டும் இருந்தது. பார்வைக்குப் பால் கேன் மாதிரி, கழுத்து ஒடுங்கிய அலுமினியக் கேன். மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை வழிந்து காலடியில் இறங்கும்.

அப்படி ஒரு கேனை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அவர் இராசிபுரம் பஸ்ஸில் வருவார். ஒருமுறை பாப்பாயி என்று ஒரு அம்மாள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள், தன் எருமைக்கும் ஒரு ஊசி போட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். செய்கிற தொழிலைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று அந்தம்மாளே முடிவுகட்டிக்கொண்டு, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை சாமி என்று தேறுதலும் சொன்னாள். இறங்கும்போது எருமை எந்தத் தோட்டத்தில் கட்டியிருக்கிறது என்பதற்கு வழியும் சொல்லிவிட்டுப் போனாள்.

சரவணமுத்து இராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. அவர் குடும்பத்தில் தறியில் உட்காராத முதல் ஆள் அவர்தான். எம்.எஸ்ஸி. முடித்ததும் வேலை கிடைத்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், வாடகை வீடு. அதிர்ந்து பேசமாட்டார். வகுப்பில் பையன்கள் சத்தம் போட்டால் எழுதுகிற சாக்பீஸை நிறுத்திவிட்டுக் கரும்பலகையைப் பார்த்தபடியே நிற்பார். பையன்கள் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதுவார். யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசத் தெரியாத மனிதர் என்று பெயர். அதைப் பாராட்டாகத்தான் எல்லாரும் சொன்னார்கள்.

அவருடைய ஆராய்ச்சி இரண்டு தாமிர அணுக்களைப் பற்றியது. சில உப்புகளில் தாமிர அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். தனியாக விட்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் சில சேர்மங்களில் இரண்டு தாமிரங்கள் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக இருக்க, நடுவில் ஆக்சிஜன் அணுக்கள் பாலமாக நிற்கும். அந்தப் பாலத்தின் வழியாக இதன் நிலை அதற்குத் தெரிந்துவிடும். இது மேலே பார்த்தால் அது கீழே பார்க்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனாலும் அசையாது. எப்போதாவது ஒரு சேர்மத்தில், பாலத்தின் வளைவு கொஞ்சம் குறுகலாக அமைந்துவிட்டால், இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும். அப்போது காந்தம் வலுவாக இழுக்கும். விஞ்ஞானத்தில் இந்த உறவுக்குப் பரிமாற்றம் என்று பெயர். அறைச் சூட்டில் இரண்டும் பாதி மறந்த நிலையில் இருக்கும். குளிரக் குளிரத்தான் ஒன்றுக்கு மற்றது நினைவுக்கு வரும். அதற்குத்தான் அந்தக் கேன்.

கல்லூரியில் ஒரு பழைய மின்காந்தம் கிடந்தது. அதன் இரு முனைகளுக்கு நடுவே, தராசின் ஒரு கையிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தொங்கவிடுவார். குழாயில் தாமிரப் பொடி. சுற்றிலும் குளிர். மின்சாரத்தைப் போட்டதும் காந்தம் குழாயை எவ்வளவு இழுக்கிறது என்று எடைக்கல் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் எந்தத் தாமிர உப்பும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இழுபடும். அந்தக் கூடுதல் கணக்குக்கு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இறங்கினால் தாமிரங்கள் எதிரெதிர். ஏறினால் ஒரே பக்கம்.

இதில் ஒரு தொல்லை. குழாய்க்குள் காற்று இருக்கக் கூடாது. காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. அதுவும் காந்தத்தை நோக்கி ஓடுகிற பொருள்தான். அந்தக் குளிரில் அது பொடியின் மேல் படிந்துகொண்டால் தராசு பொய் சொல்லும். பெரிய ஆய்வகங்களில் சிலிண்டரிலிருந்து சுத்தமான நைட்ரஜனை ஊதிக் காற்றை விரட்டுவார்கள். சிலிண்டர் இல்லாத சரவணமுத்து, கேனிலிருந்து எழும் ஆவியையே ஒரு ரப்பர் குழாய் வழியாக உள்ளே விட்டார். நைட்ரஜன்தானே, எதிலிருந்து வந்தால் என்ன?

ஒருநாள் அவர் மனைவி பெரியநாயகி, தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்த ரெண்டு செம்பும் அப்படி என்னதான் பண்ணுது என்று கேட்டாள். அவர் சொன்னார். சண்டை போடுகிறதா என்று கேட்டாள்.

"சண்டையெல்லாம் இல்ல. அதுக ரெண்டுக்கும் தொடுப்பே கெடையாது. நடுவுல நிக்கிறது பண்ற வேலை. அங்க ஒண்ணு திரும்புனா இங்க ஒண்ணு எதிர்ப்பக்கம் திரும்பியாகோணும்."

பெரியநாயகி தோசையைத் திருப்பிப் போட்டாள். "பொண்ணுக் குடுத்துப் பொண்ணெடுத்த ஊடு மாதிரின்னு சொல்லுங்க."

அவர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அவர்கள் கல்யாணமே அப்படி நடந்ததுதான். சரவணமுத்துவின் தங்கை கந்தம்மாளை வீரபாகுவுக்குக் கொடுத்தார்கள். வீரபாகுவின் தங்கை பெரியநாயகியைச் சரவணமுத்துவுக்கு எடுத்தார்கள். ஒரே பந்தல், ஒரே மேளம். எங்கள் பெண் உங்கள் கையில், உங்கள் பெண் எங்கள் கையில், இரண்டு பக்கமும் பதவிசாக நடந்துகொள்வார்கள் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கணக்கோடு ஒரு நடைமுறையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிறந்த வீடு வந்து சேர்ந்தால், அந்த வீட்டில் வாழ வந்த பெண்ணும் கிளம்பித் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். நம் பெண் இங்கே வந்து நிற்கிறாள், அவர்கள் பெண்ணுக்கு இங்கே என்ன உலை வேண்டிக்கிடக்கிறது என்று சொந்தபந்தம் கேட்கும். யாரும் எழுதிவைத்த சட்டமல்ல. எழுதிவைத்திருந்தால் கிழித்தாவது போடலாம்.

வீரபாகுதான் அந்தக் கிளை நிலையத்துக் கால்நடை ஆய்வாளன். அவனை அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வெளியில் தங்கமான ஆள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவான். கன்று குறுக்கே சிக்கிக்கொண்டால் மாட்டுக்காரனைவிட இவன்தான் கலங்குவான். வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள். விருந்தாளிக்குத் தயிர் போதவில்லை, அம்மாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசினாள், கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. எதுவானாலும் அவனுக்குத் தெரிந்த தீர்ப்பு ஒன்றுதான், உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு என்பான். அவனுக்கென்ன நட்டம்? பெண்டாட்டி போனால் பொழுது சாய்வதற்குள் தங்கை வந்து உலை வைக்கப்போகிறாள். பெரியநாயகியை அழைத்துப்போக அவனே வருவான், அதுவும் மரியாதையாக. ஒருமுறை சரவணமுத்துவுக்கென்று கேனைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தங்கையை உட்காரவைத்துக்கொண்டு போனான். நமக்குள்ள என்னங்க மச்சான், இது பொம்பளைங்க சமாச்சாரம் என்றும் சொல்லிவிட்டுப் போனான். சரவணமுத்து கேனையும் புகையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு தடவை அப்படிப் போய் அப்படியே திரும்பியும் வந்தார்கள். மூன்றாவது தடவை 1982 ஐப்பசியில். மழை ஓயாத ஒரு நாளில் கந்தம்மாள் பையோடு வந்து இறங்கினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அடிபம்பில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். வழுக்கி விழுந்தவள் எதற்குப் பையை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெரியநாயகி எண்ணெய் காய்ச்சி அந்தக் கையை நீவிவிட்டாள். நீவும்போதே தன் சேலைகளில் எதையெதை எடுத்து வைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். பிற்பாடு அவளே சொன்னது. மறுநாள் வீரபாகு வந்தான். இந்த முறை கேன் இல்லை. பெரியநாயகி நாத்தனாரிடம் ரசப்பொடி இருக்கிற டப்பாவைக் காட்டிவிட்டுக் கிளம்பினாள்.

இந்தத் தடவை கந்தம்மாள் திரும்பிப் போவதாக இல்லை. வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. கொண்டுவந்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள், அவ்வளவுதான். கொல்லையில் கீரை விதைத்தாள். வீட்டில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. சமையல் நடந்தது, துவைப்பு நடந்தது. அங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும். இரண்டு வீட்டு அடுப்பும் அணையவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான் இல்லை. கல்யாணமானவர் தங்கையோடும், கல்யாணமானவள் அண்ணனோடும் குடித்தனம் நடத்தினார்கள். இதை யாரும் ஒரு குறையாகவே நினைக்காததுதான் சரவணமுத்துவுக்குத் தாங்கவில்லை. பெரியநாயகியும் அவரும் ஒருநாள்கூடச் சண்டை போட்டுக்கொண்டவர்கள் அல்ல. செய்யாத சண்டைக்கு எங்கே போய்ச் சமாதானம் பேசுவது?

நைட்ரஜனும் நின்றுபோனது. வீரபாகு இல்லை என்று சொல்லவில்லை. இந்த வாரம் சப்ளை வரவில்லை மச்சான் என்பான். அடுத்த வாரமும் அதையே சொல்வான். அந்த நேரம் பார்த்துத்தான் சரவணமுத்து ஒரு ஊதாப் பொடியைத் தயார் செய்து வைத்திருந்தார். அதுவரை அவர் செய்த ஐந்து தாமிரச் சேர்மங்களும் எதிரெதிராகவே நின்றன. அதில் புதுமை ஒன்றுமில்லை என்று சென்னையிலிருந்த வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒரே பக்கம் பார்க்கிற ஜோடி ஒன்றைக் காட்டினால் ஆய்வேடு தேறும், வருகிற மார்ச்சோடு பதிவு முடிகிறது என்றும் சொன்னார். இந்த ஊதாப் பொடி ஒரே பக்கம் பார்க்கும் என்று சரவணமுத்துவுக்கு உள்ளே ஒரு நம்பிக்கை. அறைச் சூட்டில் அது ஒன்றும் சொல்லாமல் இருந்தது. குளிரவைத்தால் சொல்லிவிடும். குளிரவைக்கிற பொருள் தங்கை புருஷன் கையில் இருந்தது.

தை பிறந்து சில நாள் கழித்து அவர் வீரபாகுவைப் போய்ப் பார்த்தார். பார்த்தார் என்றால், போய் உட்கார்ந்து காப்பி குடித்தார். பெரியநாயகிதான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையை டம்ளரை விட்டு எடுக்கவே இல்லை, அவள் அம்மா கூப்பிடுகிற வரைக்கும். வீரபாகு சிரித்துச் சிரித்துப் பேசினான். கந்தம்மாள் வரட்டும், தானும் கொஞ்சம் கோபக்காரன்தான் என்று ஒத்துக்கொண்டான். கேனைப் பற்றி அவனாகவே பேச்செடுத்தான். சப்ளை இனிமேல் ஒழுங்காக வந்துவிடும் என்றான். தங்கையின் கை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டுமென்று சரவணமுத்து பஸ்ஸில் வரும்போதே சொற்களைக் கோத்துக்கொண்டு வந்திருந்தார். கோத்த சொற்கள் கோத்தபடியே திரும்பி வந்தன.

வீட்டுக்கு வந்து, கந்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். போ என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே சொல்கிற வித்தை நம் ஆட்களுக்கு நன்றாக வரும்.

"மாப்பிள்ளை நல்லாத்தான் பேசுனாரு" என்றார்.

கந்தம்மாள் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் போனா அண்ணி வந்துருவாங்களா?"

"வந்துருவா."

"உங்க கேனும் வருமுங்களா, அண்ணா?"

அவள் மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்து, கழுவி, கடைந்து, அவருக்குச் சோறு போட்டாள். மறுநாள் காலையில் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். யாரோ ஒருத்தி விருந்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

பெரியநாயகி வந்தாள். கேனும் வந்தது. வீரபாகு சொன்ன சொல் தவறாதவன்தான், அதையும் சொல்ல வேண்டும். புது சப்ளை இன்னும் இறங்கவில்லை, நிலையத்துக் கேனின் அடியில் கிடந்ததை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றான். சரவணமுத்து அன்றைக்கே கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊற்றும்போது திரவம் லேசாக நீலம் பூத்தாற்போல இருந்தது. வானத்தின் நிழல் என்று நினைத்துக்கொண்டார். ஆய்வகத்தில் வானம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை.

தராசு ஏறியது. கணக்குக்கு மேலே, நன்றாக மேலே. காந்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார், மறுபடியும் ஏறியது. கரண்ட் போய் வந்தது. வந்த பிறகும் ஏறியது. ஒரே பக்கம். அந்த மனிதர் தராசுப் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தபால் ஆபீஸில் காத்திருந்து பேராசிரியருக்கு ட்ரங்க் கால் போட்டார். பேராசிரியர் சந்தோஷப்பட்டார், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்து பெரியநாயகியிடம் சொன்னார். அவள் பாயசம் வைத்தாள். கந்தம்மாளுக்கும் ஒரு வாய் கொடுக்க முடியவில்லையே என்றாள்.

மாசி மாதத்தில் புது சப்ளை வந்தது. கேனை இறக்கிவைக்கும்போது வீரபாகு மூடியைத் தட்டிக் காட்டினான்.

"புது மூடிங்க மச்சான். பழசு ஒடஞ்சு நெம்ப நாளாச்சு. ஊட்ல கெடந்த கழிவு நூலை உருட்டி அடச்சே காலத்தை ஓட்டிட்டேன்."

அவனும் நெசவுக் குடும்பம்தான்; நெசவுக்காரன் வீட்டில் கழிவு நூலுக்குப் பஞ்சமா? எதில் ஓட்டை விழுந்தாலும் அதைத்தான் உருட்டி அடைப்பார்கள். சரவணமுத்துவும் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார். மறுபடி ஊதாப் பொடியைத் தொங்கவிட்டு, குளிரவைத்து, காந்தத்தைப் போட்டார். தராசு கணக்குக்குக் கீழே இறங்கியது. ஐந்து சேர்மங்களும் எப்படி இறங்கினவோ அப்படியே, ஒரு வித்தியாசமும் இல்லாமல் இறங்கியது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தாலாவது கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்பார். நூல் அடைப்புக் காற்றைத் தடுக்காது. கேனில் நைட்ரஜன் ஆவியாகிக் குறையக் குறைய, வெளியிலிருந்து இறங்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தக் குளிரில் திரவமாகி அடியில் தங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நீலம் வானத்தின் நிழலல்ல. திரவ ஆக்சிஜனின் நிறம். வருஷா வருஷம் வகுப்பில் அவர் சொல்லிக்கொடுப்பதுதான். அந்தக் கேனின் ஆவியை அவரே ரப்பர் குழாய் வைத்துப் பொடிக்குள் விட்டிருக்கிறார். காந்தம் இழுத்தது தாமிரத்தை அல்ல. தாமிரம் இரண்டும் அப்போதும் எதிரெதிராகத்தான் நின்றிருக்கின்றன.

பேராசிரியர் திட்டவில்லை. இருக்கிற ஆறையும் வைத்து எழுதுங்கள், பதிவை ஒரு வருஷம் நீட்டிக்கப் பார்க்கிறேன் என்றார். நீட்டித்தார்கள். 1985-இல் பட்டமும் வந்தது. எதிரெதிராக நிற்கும் ஆறு சேர்மங்கள் என்று சுமாரான ஆய்வேடு, சுமாரான பாராட்டு. ஆக, கேனுக்காக அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம். கந்தம்மாள் கீரையை விதைத்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கலாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது; அவசரப்பட்டு அவளை அனுப்பிவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் தராசு இறங்கிய அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டது.

அன்று வீட்டுக்கு வந்து பெரியநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பொடி போனதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப கந்தம்மா போனது?" என்று கேட்டாள்.

தன் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த வீட்டில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவள். மணிக்கட்டு எப்படி வீங்கியது என்பதையும் அங்கே அம்மா வாயால் கேட்டுவிட்டு வந்திருந்தாள். இதுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் கந்தம்மாளைக் கூட்டிவரப் போவார், கூட்டிவந்தால் தான் போக வேண்டும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொல்லி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கே போய்க் கூட்டிட்டு வந்துருங்க. நான் போய்க்கிறேன்."

விடிந்ததும் அவர் கிளம்பும்போது அவள் பையை எடுத்துச் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

வீரபாகு மாடு பார்க்கப் போயிருந்தான். அவன் அம்மா உள்ளே படுத்திருந்தாள். கந்தம்மாள் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வாங்கண்ணா என்றாள். இடது கையால்தான் பம்பை அடித்தாள். வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் தன் வீட்டிலேயே இருந்தும் அவர் நின்று கவனிக்காத மணிக்கட்டு, சரியாகக் கூடாமல் ஒரு பக்கம் திரும்பியே நின்றுவிட்டிருந்தது. சரவணமுத்து குடத்தை நகர்த்திவைத்துவிட்டுத் தானே பம்பை அடிக்கப் போனார். அவள் விடவில்லை.

"அந்தச் செம்பு நீங்க நெனச்ச மாதிரி வந்துதுங்களா, அண்ணா? அண்ணி பாயசம் வெச்சாங்கன்னு, கேன் குடுக்க வந்தப்ப கேட்டுட்டு வந்து இவிய சொன்னாங்க. எனக்கு நெம்ப சந்தோசமுங்க."

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அவள் கண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. தான் போனதற்கு ஒரு பலன் இருந்தது என்று அவர் வாயால் கேட்பதற்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருக்கு உண்மை வரவில்லை.

"வந்துது சாமி" என்றார்.

பிறகு, கெளம்பு போலாம் என்றார். எதுக்குங்கண்ணா என்று அவள் கேட்டாள். சும்மாதான், கொஞ்ச நாள் இருந்துட்டு வா என்றார். கந்தம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் வந்தா அண்ணி இங்க வரோணும். எதுக்குங்க அந்த அலைச்சல்? எனக்கு இங்க பழகிப்போச்சு. உங்க வேலை நல்லபடியா முடிஞ்சுதுல்லீங்க, நான் இங்க வந்ததுக்கு அது போதும்."

பொய் சொன்னேன், ஒன்றும் வரவில்லை, நீ வந்தது வீணாகத்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருவேளை அவள் குடத்தை இறக்கிவைத்திருப்பாள். ஒருவேளை அதே இடத்தில் உடைந்து போயிருப்பாள். இரண்டில் எது என்று தெரியாமல் சரவணமுத்து நின்றார். அவள் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். ஒரு கையாலேயே சோறு வடித்துப் போட்டாள், அவர் சாப்பிட்டார். மாப்பிள்ளை வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுங்கள் என்று அவளே சொன்னாள். அவர் கிளம்பினார்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் இறங்கி நடந்து வந்தபோது பெரியநாயகி வாசலிலேயே நின்றிருந்தாள். வெளியூர் போகிற சேலை கட்டியிருந்தாள், பை காலடியில் இருந்தது. அவரைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வரலீங்களா?"

"வரல."

"நீங்க சரியாக் கூப்புட்டீங்களா?"

சரவணமுத்து செருப்பைக் கழற்றினார். கூப்பிட்டேன் என்று சொன்னார். பெரியநாயகி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி அலமாரியில் வைக்கிற சத்தம் கேட்டது. இவள் போக வேண்டியதில்லை என்று தன் நெஞ்சு லேசாகிவிட்டதை அவர் அறிந்தார். எவ்வளவு முயன்றும் அந்த லேசை அவரால் அடக்க முடியவில்லை. உள்ளே பெரியநாயகி அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.